அசைவர்களின் சைவ மாதம்

ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பி ஒரகடம் வழியாகப் போகும் சாலைக்கு இந்த முனையில் ஆதிகேசவப் பெருமாள், அந்த முனையில் சிங்கப்பெருமாள் கோயில் பாடலாத்ரி நரசிம்மர். நடுவில் கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், புல்லட் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள். கொஞ்சம் உள்ளே திரும்பினால் வல்லக்கோட்டை முருகன். இத்தனை சாமி காவல் இருந்தும் வருடத்தில் பதினோரு மாதம் இந்தச் சாலையை ஆள்வது சிவப்புத் துணி சுற்றிய பிரியாணி அண்டாதான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிறவரின் மூக்கில் முதலில் ஏறுவது அந்த வாசனை.

செப்டம்பர் 17-ஐ ஒட்டிப் புரட்டாசி பிறக்கும். அண்டாக்கள் குறையும். மிச்சமிருக்கும் கடைக்காரரும் 'வெஜ் பிரியாணி, காளான் பிரியாணி' என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுவார். கறிக்கோழி விலையும் முட்டை விலையும் இறங்கிவிட்டதாக நாமக்கல் பக்கமிருந்து செய்தி வரும். காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மெலியும். காய்கறிக் கடையில் மட்டும் வாழைக்காய்க்கு அடிதடி.

வருடம் முழுக்கச் சைவமாக இருக்கும் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமைகள்தான் விசேஷம். அவர்களுக்கு நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. நிறுத்த ஏதாவது இருக்கிறவர்களுக்குத்தான் இது ஒரு முழு மாதம். எங்கள் வீடு இரண்டாவது ரகம். ஆவணி கடைசி ஞாயிறு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, மறுநாள் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டால், ஐப்பசி வரை அந்தச் சட்டிக்கு ஓய்வு.

'புரட்டாசியில் பூமி சூட்டைக் கிளப்பும், செரிமானம் மந்தமாகும், அதனால்தான் முன்னோர்கள்...' என்று வருடா வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றும். சித்திரை வெயிலில் ஆட்டுக்கறியைச் செரிக்கிற வயிற்றுக்குப் புரட்டாசி மழைக்காற்றில் மட்டும் என்ன கேடு வந்துவிடும்? பெருமாளுக்காக நிறுத்துகிறோம், அதைச் சொல்லிக்கொள்ள என்ன வெட்கம்? அதைவிடப் பெரிய பொய், இது நாக்கைக் கட்டுகிற மாதம் என்பது. மற்ற மாதங்களில் எங்கள் வட்டாரத்து வீடுகளில் சைவச் சாப்பாடு என்றால் சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல். கறி எடுக்காத நாளை எப்படியோ ஒப்பேற்றுகிற ஏற்பாடு. காய்கறியை உட்கார்ந்து யோசித்துச் சமைப்பது புரட்டாசியில்தான். நாக்குக்கு விதவிதமாகக் கிடைப்பதும் அப்போதுதான்.

முதல் வாரம்: ஏமாற்று வித்தை

முதல் வாரம் எல்லா வீட்டிலும் நாக்கை ஏமாற்றும் வேலை நடக்கும். மீல் மேக்கர் அதில் முதல் ஆள். சத்து என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. 100 கிராம் சோயா உருண்டையில் சுமார் 50 கிராம் புரதம். ருசிக்கு மட்டும் நாம்தான் பொறுப்பு. கொதிநீரில் போட்டு ஒன்றுக்கு இரண்டு முறை பிழிந்து எடுக்காவிட்டால் மாவு வாடை போகாது. காளான் சீக்கிரம் சலிக்கும்.

சேனைக்கிழங்கு அப்படியில்லை. இந்த மாதத்தின் ராஜா அதுதான் என்பது என் தீர்ப்பு. தோல் சீவும்முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரவெல்லாம் சொறிய வேண்டியிருக்கும். விரல் மொத்தத்துக்கு வில்லைகளாக நறுக்கி, புளித்தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் பதம் வேகவிட வேண்டும். கூடினால் குழையும், குறைந்தால் தொண்டை அரிக்கும். வடித்து, நன்றாக ஆறவைத்து, வஞ்சிரத்துக்கு எந்த மசாலா தடவுவோமோ அதையே தடவ வேண்டும்: மிளகாய்த்தூள், சோம்பு, பூண்டு, பிடிமானத்துக்குக் கொஞ்சம் அரிசி மாவு. அரைமணி ஊறட்டும். பிறகு தோசைக்கல்லில் தாராளமாக எண்ணெய் விட்டு, அவசரப்படாமல் சின்னத் தீயில் இரண்டு பக்கமும் முறுக விட்டால் ஓரம் கருகலாக, உள்ளே மாவாக இருக்கும். அதை வஞ்சிரம் என்று நம்பிச் சாப்பிடும் வயதை என் பையன் தாண்டிவிட்டான். சேனை என்று தெரிந்தே இன்னொரு துண்டு கேட்கிறான்.

2025-இல் மகாளய அமாவாசை செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. மாதம் பிறந்து ஐந்தாவது நாள். அன்று உருளை, தக்காளி, கோஸ், கேரட், பீன்ஸ் எதுவும் அடுப்பு பக்கம் வரக்கூடாது. கப்பலில் வந்த காய்கள் முன்னோருக்கு ஆகாது என்பது கணக்கு. வாழைக்காய், புடலை, அவரை, பாகல், சேம்பு இவைதான். தக்காளி இல்லாமல் ரசம் வைக்கச் சொன்னால் என் வயதுப் பெண்கள் பாதிப் பேர் விழிப்போம். அத்தை புளியைக் கரைத்து, மிளகையும் சீரகத்தையும் உரலில் நுணுக்கிப் போட்டு, நுரை கூடுகிற நேரத்தில் இறக்கினார். இதுதான் ரசம் என்றால் இத்தனை நாள் நாங்கள் குடித்தது தக்காளிச் சாறு.

மாவிளக்கின் நடுப்பகுதி

2025 புரட்டாசியில் நான்கு சனிக்கிழமைகள்: செப்டம்பர் 20, 27, அக்டோபர் 4, 11. சில குடும்பங்களில் முதல் சனி, சில குடும்பங்களில் மூன்றாம் சனி என்று தளிகை போடுவதற்கு அவரவர் வழக்கம் இருக்கிறது. தலைவாழை இலையில் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல், மிளகு வடை, கொண்டைக்கடலைச் சுண்டல். சாதங்களைப் பரப்பிப் பெருமாள் முகமாகவே அமைத்துவிடுகிற வீடுகளும் உண்டு. பிள்ளைகள் நெற்றியிலும் சொம்பிலும் நாமம் போட்டுக்கொண்டு 'வெங்கட்ரமணா கோவிந்தா' என்று நாலு வீடு கேட்டு வாங்கி வரும் அரிசியையும் உலையில் சேர்க்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் அந்த ஊர்வலம் லிஃப்டில் ஏறி இறங்குகிறது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குகிறவர்கள் வீட்டில் மட்டும் காலிங் பெல்லை அழுத்தக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவோம். கோவிந்தா சத்தத்துக்கு அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

தளிகையில் வேலை வாங்குவது மாவிளக்கு. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் உலர்த்த வேண்டும். கையில் பிடித்தால் ஈரம் தெரியவேண்டும், ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் அரைத்துச் சலித்து, பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்தால் வெல்லம் விடுகிற ஈரத்திலேயே மாவு சேரும். தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அவசரக்காரர்கள். உருட்டி, நடுவில் குழி செய்து, நெய் விட்டுத் திரி போட்டு ஏற்றினால் அரைமணி நேரம் எரியும். திரி மலையேறிய பிறகுதான் வீட்டில் சண்டை. குழியைச் சுற்றி நெய் குடித்து, லேசாகப் புகை ஏறி, பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும் அந்த நடுப்பகுதி யாருக்கு? கடையில் வாங்கக் கிடைக்காத இனிப்பு அது. ஒரு விளக்கில் ஒரு வாய்தான் தேறும் என்பதால் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப விளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டோம். ஆகமத்தில் இடம் உண்டா என்று கேட்காதீர்கள்.

காஞ்சிபுரம் பக்கத்தில்தானே இருக்கிறது!

பக்கத்திலேயே இருந்தும் கவனிக்காமல் விட்டது காஞ்சிபுரம் கோயில் இட்லி. வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிற குடலை இட்லி. நீண்ட உருளையாக எடுத்து வட்டமாக அறுத்துக் கொடுப்பார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் உண்டு, மிளகாய் இல்லை. போர்த்துகீசியர்கள் மூலம் இங்கே வந்து சேர்ந்த மிளகாயைப் பழைய பெருமாள் கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றில் இன்னமும் உள்ளே விடுவதில்லை. நம் வீட்டுச் சமையல் ஐந்நூறு வருடத்துக்கு முன் எப்படிக் காரமாக இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இந்த இட்லியைத்தான் கடித்துப் பார்க்க வேண்டும். காரம் நாக்கில் அறையாது. தொண்டையில் மெல்ல இறங்கும்.

வீட்டில் குடலைக்கு எங்கே போவது? எவர்சில்வர் டம்ளர் போதும். பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றும் சம அளவு. ரவை பதத்துக்கு அரைத்து இரவு முழுக்கப் புளிக்க விட வேண்டும். காலையில் ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சீரகம், சுக்குப்பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய்யும் நல்லெண்ணெயும் கலந்து ஒரு கரண்டி. டம்ளரில் வாழையிலைத் துண்டைச் சுருட்டி வைத்து முக்கால் அளவு ஊற்றி, இட்லிப் பானையில் நிறுத்தி அரைமணி வேகவிட்டால் வெந்துவிடும். மந்தாரை இலை கிடைத்தால் மணமே வேறு. முதல் ஷிஃப்டுக்கு விடியுமுன் கிளம்புகிறவருக்கு இதைவிடத் தோதான கட்டுச்சோறு கிடையாது. சட்னி வேண்டாம், மதியம் வரை கெடாது, ஒரு கையில் பிடித்து பஸ்ஸில் நின்றபடியே சாப்பிடலாம்.

காஞ்சி பேச்சு வந்தபிறகு ராமாநுஜரைச் சொல்லாமல் போகமுடியாது. 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் அவர். பூந்தமல்லிக்காரர் திருக்கச்சி நம்பி, வரதருக்கு விசிறி வீசும் தொண்டு செய்தவர், வைசியர். அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டு ராமாநுஜர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். ராமாநுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விட, மனைவி மிச்சத்தை வெளியே கொடுத்து, இடத்தை மெழுகித் தலை முழுகிவிட்டார் என்பது குருபரம்பரைக் கதை. ராமாநுஜர் மனம் கசந்த இடம் அது. இன்று அவர் பிறந்த ஊர்ப்பக்கம் வாடகைக்கு வீடு தேடும் பிள்ளைகள் 'சைவம் மட்டும்' என்ற நிபந்தனையைக் கேட்டுத் திரும்புவதைப் பார்க்கும்போது அந்தக் கதை நினைவுக்கு வருகிறது. ஒரு மாதம் சைவம் இருப்பது அவரவர் பக்தி. அடுத்தவர் சட்டியை முகர்ந்து பார்ப்பது பக்தியில் சேராது.

பக்கத்து வீட்டு அடுப்பு

இந்தத் தொழிற்பேட்டையில் குடியிருப்பதன் லாபம் பக்கத்து வீட்டு அடுப்புகள். எங்கள் வரிசையிலேயே பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்கள். நவராத்திரி வந்ததும் நம் வீட்டில் ஒன்பது நாள் சுண்டல் என்றால், வடக்கத்தி வீடுகளில் ஒன்பது நாள் விரதம். அரிசி, கோதுமை, வெங்காயம், பூண்டு எல்லாம் கிடையாது. இந்துப்பு போட்டு சாபுதானா கிச்சடி. சாபுதானா என்பது என்ன? சேலத்து மரவள்ளிக் கிழங்கில் செய்த நம் ஜவ்வரிசிதான். நாம் பாயசத்திலும் வடாமிலும் மட்டும் போடுவதை அவர்கள் ஊறவைத்து உதிர்த்து, வறுத்த வேர்க்கடலைப் பொடியும் சீரகமும் பச்சைமிளகாயும் சேர்த்து உப்புமா மாதிரி கிளறுகிறார்கள். சேலத்திலிருந்து வடக்கே போய், சமையல் கற்றுக்கொண்டு, ஒரகடம் திரும்பியிருக்கிறது ஜவ்வரிசி.

பீகார் அக்கா கொடுத்த சத்து மாவு இன்னொன்று. வறுத்த கடலையை அரைத்த மாவு. தண்ணீர், எலுமிச்சை, உப்பு, நறுக்கிய பச்சைமிளகாய் போட்டுக் கலக்கினால் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கு வயிறு தாங்கும். பதிலுக்கு நாங்கள் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தோம். "தேங்காய் எதுக்கு தீதி?" என்று சிரித்தார், கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வந்தது. ஒடிசா வீட்டுத் தால்மாவில் துவரம்பருப்போடு பப்பாளிக்காய், பூசணி, வாழைக்காய், கத்தரிக்காய் எல்லாம் ஒன்றாக வெந்து, மேலே வறுத்த சீரகமும் காய்ந்த மிளகாயும் பொடித்துத் தூவியிருக்கும். புளி இல்லாத கூட்டுசாம்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் புரட்டாசி முடிகிற சமயத்தில் அவர்களுக்குக் கார்த்திகை மாதம் பிறந்துவிடும். அது அவர்கள் ஊரில் சைவ மாதம். ஆக, நாம் கறிக்கடைக்கு ஓடும்போது அவர்கள் விரதத்தில் உட்காருகிறார்கள்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்தே கொரியர்களும் இந்தப் பக்கத்துவாசிகள். கொரியச் சாமான் கடைக்குள் புரட்டாசியில் நுழைகிறவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போவது நல்லது. கிம்ச்சி பார்க்க முட்டைக்கோஸ் ஊறுகாய் மாதிரி இருந்தாலும் வழக்கமாக அதில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும். நூடுல்ஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியா, பழுப்பு முக்கோணமா என்று பார்த்து எடுக்க வேண்டும். சந்தேகமில்லாமல் எடுத்து வரக்கூடியது வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது. இது அதற்கு முரட்டு அண்ணன். கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் பிழிந்து, இந்த எண்ணெயில் ஒரு கரண்டி, உப்பு, வறுத்த எள், பூண்டு சேர்த்துப் பிசறினால் 'நாமுல்'. ஐந்து நிமிட வேலை. கொரிய பௌத்த மடங்களின் சமையலில் பூண்டும் வெங்காயமும் விலக்கு. ஜோங் குவான் என்ற பிக்குணியின் சமையல் 2017-இல் நெட்ஃப்ளிக்ஸ் வழியாக உலகமெங்கும் பேசப்பட்டது. அவர்கள் பாணியில் பூண்டைத் தவிர்த்தால் நாமுல் நம் சனிக்கிழமைக்கும் ஆகும். அத்தை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு மூட்டைப் பொரி

2025-இல் ஆயுத பூஜை அக்டோபர் 1. அன்று இந்தச் சாலையில் ரோபோவுக்கும் பொட்டு உண்டு. ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை, லேத்துக்குச் சந்தனம், கேட்டில் பூசணிக்காய். வேலை முடிந்து வீடு திரும்பும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு பை பொரிகடலை. வீட்டில் இரண்டு பேர் இரண்டு கம்பெனி என்றால் பொரிக்குத் தனி டப்பா வேண்டும். மூன்றாம் நாள் நமுத்துப்போய்க் குப்பைக்குப் போவதுதான் வழக்கம்.

இப்போது போவதில்லை. பொரியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தாளிப்பில் வெங்காயம் வதக்கிப் போட்டு, பொட்டுக்கடலைப் பொடி தூவிக் கிளறினால் ராயலசீமாக்காரர்களின் உக்கானி. மாடி வீட்டு வங்காளித் தம்பி வேறு வழி காட்டினார். பொரியில் பச்சை வெங்காயம், வெள்ளரி, வேர்க்கடலை, கொத்தமல்லி போட்டு மேலே பச்சைக் கடுகெண்ணெய் ஒரு கரண்டி. ஜால்முரி. மூக்கில் ஏறும் அந்தக் கடுகு நெடி முதல் வாய்க்கு வேண்டாம் என்றும் மூன்றாவது வாய்க்கு இன்னும் கொஞ்சம் என்றும் சொல்ல வைக்கும். அவர்கள் ஊரில் துர்கா பூஜைக்கு மீனும் கறியும் விருந்தாம். "நீங்க எப்படிண்ணே சாமி மாசத்துல மீனை விட்டீங்க?" என்று என் கணவரிடம் அந்தத் தம்பி ஆச்சரியப்பட்டது தனிக் கதை.

யார் சலிப்பது அந்த மாவை?

இத்தனை பலகாரமும் தானாக வேகவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் மிகுந்த வட்டாரம் இது; செல்போன் தொழிற்சாலைகள் பெண்களின் கைகளால்தான் ஓடுகின்றன. ஷிஃப்ட் முடித்து வந்து அரிசி ஊறவைத்து, உலர்த்தி, அரைத்து, சலிக்கிறவளும் அவள்தான். விரதம் வீட்டுக்கே, வேலை ஒருத்திக்கு. எங்கள் வீட்டில் இப்போது சலிப்பது என் கணவர் பொறுப்பு, வடை தட்டுவது பையன் பொறுப்பு. வடை நட்சத்திர வடிவில் வருகிறது. பெருமாள் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.

வீடில்லாமல் விடுதியில் இருக்கும் பெண்களுக்குப் புரட்டாசி எப்படி? 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் விடுதிச் சமையலறையின் பக்கம் எல்லோர் பார்வையும் திரும்பியது. 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண்கள் குடியிருப்பு திறக்கப்பட்டது. தங்கும் இடம் மாறியிருக்கிறது. அந்தத் தட்டில் என்ன விழுகிறது என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலை கேன்டீனுக்கும் இது பொருந்தும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆவது பிரிவு எழுதிவைத்தது. புரட்டாசி வந்தால் சில கேன்டீன்களில் முட்டையையும் கோழியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் உருளைக்கிழங்கை வைக்கிறார்கள். கணக்கு அங்கேதான் உதைக்கிறது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். உருளைக்கிழங்கில் அது ஈடாகாது. 30 கிராம் கொண்டைக்கடலையில் ஈடாகும்.

அதனால் மெனு போடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த புரட்டாசியில் முட்டையை நிறுத்தும் நாள்களில் தட்டில் ஒரு கரண்டி சுண்டல் வையுங்கள். திங்கள் கொண்டைக்கடலை, செவ்வாய் பச்சைப்பயறு, புதன் காராமணி என்று மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு ஊறப்போட மறக்காமலிருப்பது ஒன்றுதான் கூடுதல் வேலை.